கழுதைக்குத் தடை! எண்ணெய்க்கு விடை!

"சர்வதேச சங்கம் தோல்வியுற்றதற்குக் காரணம் யாது?"

ஐந்து மதிப்பெண் வினா. நம் மேசையிலே 42 விடைத்தாள்கள். அவற்றுள் 41 தாள்களிலே ஒரே விடை: "சங்கத்திற்கெனத் தனிப்படை இல்லை, ஆகவே வல்லரசுகளை அடக்க அதனால் இயலவில்லை." பிழையின்றித்தான் எழுதியிருந்தனர் பிள்ளைகள். கரும்பலகையிலே நாம் எழுதிப் போட்ட வரி அது. கல்லூரியிலே நாமும் மனப்பாடம் செய்து, எழுதி, மதிப்பெண் வாங்கி, பட்டமும் பெற்ற வரி! எஞ்சிய ஒரு தாளிலே மட்டும், விடை இருக்கவேண்டிய இடத்திலே வினா ஒன்று இருந்தது: "படை வைத்திருந்தவர்கள்தானே, ஐயா, சங்கத்தை நடத்தினார்கள்?"

சிவப்பு மை தொட்ட பேனா அங்கேயே நின்றுவிட்டது. கேட்டுவிட்டான் சிறுவன், நாம் கேட்க மறந்ததைக் கேட்டுவிட்டான்!

படை இல்லையாம், படை! ஜெனீவா ஏரிக்கரையிலே கூடிய அந்தச் சங்கத்தின் தலைப்பீடத்திலே அமர்ந்திருந்தவர் யார்? ஏழு கடலிலும் கப்பல் மிதக்கவிட்ட பிரிட்டன். ஐரோப்பாவை மிரளவைத்த தரைப்படை கொண்ட பிரான்சு. இவ்விருவரும் கண் சிவந்தால் போதும், கை ஓங்கவும் தேவையில்லை. அந்தக் கண் ஏன் சிவக்கவில்லை? எவனுடைய கண்ணீருக்காகச் சிவக்க மறுத்தது? அபிசீனியாவின் கதையைக் கேட்டால் விளங்கும், தோழர்களே! இன்று எத்தியோப்பியா என்று வழங்கும் நாட்டின் கதை அது.

கதைக்கு முன்பு, சங்கம் கருவிலே பெற்ற ஊனத்தைக் கண்டுவிடுவோம். 1919ஆம் ஆண்டு, பாரிசிலே சங்கத்தின் விதிகள் எழுதப்படுகின்றன. நாடுகள் யாவும் சமம் என்ற கொள்கையை ஏற்று, அவற்றின் குடிமக்களை நேர்மையுடன் நடத்தவேண்டும் என்ற கருத்தைச் சேர்க்குமாறு ஜப்பானியப் பேராளர்கள் கேட்டனர். ஏப்ரல் 11ஆம் நாள் வாக்கெடுப்பு. 17 பேரிலே 11 பேர் ஆதரவு! ஆனால் தலைமை வகித்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன், ஒருமனதாக இல்லையாகையால் நிறைவேறவில்லை என்று தீர்ப்பளித்தார். வெள்ளையர் மட்டுமே வாழும் ஆஸ்திரேலியாவைக் கனவு கண்ட அந்நாட்டுப் பிரதமர் ஹியூசுக்கு நிம்மதிப் பெருமூச்சு. கேட்ட ஜப்பான் மட்டும் உத்தமனோ? அதே ஆண்டிலே கொரியாவிலே விடுதலை கேட்டவர்களைச் சுட்டுத்தள்ளிய கை அது! சமத்துவத்தைக் கேட்டவனிடமும் அது இல்லை, மறுத்தவனிடமும் இல்லை. இத்தகைய மண்டபத்திலே இந்தியாவும் தொடக்க உறுப்பினர். வியப்படையாதீர்! நாடு அடிமை நாடு. பெயர் மட்டும் உறுப்பினர் பட்டியலிலே. அதன் பேராளர் இன்னார் என்று பொறுக்கி எடுத்தது பிரிட்டிஷ் ஆட்சி. தன் வீட்டிலே பேச வாயில்லாதவன், உலக அமைதிக்குச் சான்றொப்பமிட்டான்!

ஆப்பிரிக்கக் கண்டத்தைப் பலாச்சுளைபோலப் பிய்த்துப் பங்கிட்டுக்கொண்ட காலத்திலே, பங்காகாமல் நின்ற நாடுகள் இரண்டு. ஒன்று லைபீரியா, மற்றொன்று அபிசீனியா. 1896 மார்ச் 1ஆம் நாள் அத்வா மலைகளுக்கிடையே, படையெடுத்து வந்த இத்தாலியரை மெனெலிக் மன்னனின் படை முறியடித்தது. வெள்ளைப்படை தோற்றது, கறுப்புப்படை வென்றது! இத்தாலியின் நெஞ்சிலே 40 ஆண்டு ஆறாத புண் அது. 1923இலே அபிசீனியா சர்வதேச சங்கத்திலே சேர்ந்தது. 1928இலே இத்தாலியோடு 20 ஆண்டு நட்புறவு ஒப்பந்தமும் செய்துகொண்டது. பாவம், காகிதத்தை நம்பிய நாடு!

ஹெய்லி செலாசி மன்னருக்கு மாலை சூட்ட நாம் புறப்படவில்லை. சாலமன் மன்னனுக்கும் ஷீபா நாட்டு அரசிக்கும் பிறந்த வழித்தோன்றல் தான் என்று 1931இலே அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்டவர் அவர். சூரியனிடமும் சந்திரனிடமும் குலம் கேட்டு வாங்கிய நம் மன்னர்களைக் கண்டு நகைக்கின்ற நாம், அவரைக் கண்டு மட்டும் கைகூப்புவோமா? அவர் நாட்டிலே அடிமைமுறை இருந்தது. பின்னாளிலே, 1973இலே, வோலோ மாநிலத்து மக்கள் பஞ்சத்தால் மடிந்தபோது மறைத்த ஆட்சியும் அவருடையதே. மறு ஆண்டே படையினர் அவரை அரியணையிலிருந்து இறக்கினர். மறைக்கவில்லை, மறக்கவுமில்லை. ஆனால் "அடிமைகளை விடுவிக்கப் போகிறோம், நாகரிகம் கற்பிக்கப் போகிறோம்" என்று முசோலினி முழங்கினாரே, அதற்கு என் செய்வது? வீட்டிலே குப்பை கிடக்கிறது என்பதற்காகக் கொள்ளைக்காரன் துடைப்பம் எடுத்துக்கொண்டா வருகிறான்?

1934 டிசம்பர் 5ஆம் நாள், எல்லையைத் தாண்டிப் பல மைல் உள்ளே, வல்வல் என்ற இடத்துக் கிணறுகளுக்கருகே மோதல். வேற்றூர்க் கிணற்றடியிலே குடில் போட்டு அமர்ந்திருந்த இத்தாலி, ஊர்க்காரனைப் பார்த்து, "மன்னிப்புக் கேள், இழப்பீடு கொடு!" என்றது. அபிசீனியா சங்கத்திடம் முறையிட்டது. சங்கம் குழு அமைத்தது, கூடியது, கலைந்தது, மீண்டும் கூடியது. அதற்குள் 1935 ஏப்ரலிலே ஸ்ட்ரேசா நகரிலே பிரிட்டன், பிரான்சு, இத்தாலி மூன்றும் கூடி, ஹிட்லரை எதிர்த்து அமைதி காப்போம் என்று அறிக்கை விட்டன. எங்கே காக்கப் போகிறார்களாம்? ஐரோப்பாவிலே! அந்த ஒரு சொல்லை வேண்டுமென்றே சேர்த்தவர் முசோலினி. கண்டும் காணாதவர்போல் ஒப்பமிட்டவர் மற்ற இருவர். ஐரோப்பாவின் அமைதிக்கு இடி விழாதவரை ஆப்பிரிக்காவிலே எதுவும் விழலாம் என்று அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் கொண்டார் முசோலினி. தவறாகவா பொருள் கொண்டார்?

1935 செப்டம்பர் 11ஆம் நாள். ஜெனீவா மன்றத்திலே பிரிட்டிஷ் அயல்நாட்டமைச்சர் சாமுவேல் ஹோர் எழுந்தார். பெயர் நமக்குப் பழக்கமானதுதான். இந்தியாவுக்கான அமைச்சராக இருந்து 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தை நாடாளுமன்றத்திலே நடத்திச் சென்றவர் அவரே. ஆக்கிரமிப்பு எங்கே தலைதூக்கினாலும் கூட்டாக, உறுதியாக எதிர்த்து நிற்போம் என்று முழங்கினார். மன்றம் கைதட்டிற்று. சிறிய நாடுகளின் பேராளர்கள் மனம் குளிர்ந்தனர். ஆனால் முந்தின நாள் நடந்தது என்ன? ஹோரும் பிரெஞ்சு நாட்டு லவாலும் தனித்துப் பேசி முடிவு செய்துவிட்டனர். படை நடவடிக்கை கூடாது. கடல் முற்றுகை கூடாது. சூயஸ் கால்வாயை மூடுவதைப் பற்றி எண்ணவும் கூடாது! நாம் கற்பனை செய்யவில்லை. அந்த லவாலே டிசம்பர் மாதம் பிரெஞ்சு நாடாளுமன்றத்திலே எடுத்துரைத்த செய்தி இது. இரவிலே கத்தியை உறையிலே போட்டுப் பூட்டிவிட்டு, பகலிலே உறையைத் தட்டி வீரம் பேசினார் வெள்ளைத்துரை!

அக்டோபர் 3ஆம் நாள், போர் அறிவிப்பும் இன்றி இத்தாலியப் படை எல்லை கடந்தது. சங்கத்தின் 54 உறுப்பு நாடுகளிலே 50 நாடுகள் இத்தாலியே குற்றவாளி என்றன. நவம்பர் 18 முதல் பொருளாதாரத் தடை. அந்தத் தடைப் பட்டியலை ஒருமுறை படியுங்கள், தோழர்களே! இத்தாலிக்கு எவற்றை விற்கக் கூடாது? ரப்பர் விற்கக் கூடாது. தகரம் விற்கக் கூடாது. குதிரை, கோவேறு கழுதை, கழுதை, ஒட்டகம் விற்கக் கூடாது! அலுமினியம் விற்கக் கூடாது. அதுவோ இத்தாலியே வேண்டுமளவு உற்பத்தி செய்துகொண்ட பொருள். கடல் நடுவே இருப்பவனுக்கு உப்பு விற்காதே என்று ஆணை! நிலக்கரி? விற்கலாம். எஃகு? விற்கலாம். எண்ணெய்? தாராளமாக விற்கலாம்!

முசோலினியின் படை கழுதை மீதேறியா போர் புரிந்தது? விமானத்திலே ஏறிப் போர் புரிந்தது. லாரியிலே, டாங்கியிலே ஏறிப் போர் புரிந்தது. விமானம் குடிப்பது எண்ணெய். அந்த எண்ணெயை நிறுத்துவது பற்றி நவம்பரிலே பேசினர், டிசம்பரிலே பேசினர், சனவரியிலே வல்லுநர் குழு அமைத்துப் பேசினர். அமெரிக்கா சங்கத்திலே இல்லையே, நாம் நிறுத்தினால் அவன் விற்பானே என்றனர். நாம் நிறுத்தி, அவன் விற்றால், அப்போதல்லவா அவனை ஏச வேண்டும்! திருடனுக்கு ஏணி கொடுப்பவன், நான் கொடுக்காவிட்டால் அடுத்த வீட்டுக்காரன் கொடுப்பான் என்று சொன்னால் விட்டுவிடுவோமா? பின்னாளிலே, 1938இலே, மியூனிக் நகரிலே ஹிட்லரிடம் முசோலினியே சொன்னாராம், எண்ணெயை நிறுத்தியிருந்தால் ஒரு வாரத்திலே அபிசீனியாவை விட்டுத் திரும்பியிருப்பேன் என்று. ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளர் எழுதி வைத்த செய்தி.

எண்ணெய் ஒரு சாவி. மற்றொரு சாவி சூயஸ். இத்தாலியிலிருந்து போர்முனைக்குப் போகும் கப்பல்களுக்கு அதுவே வாசல். அந்த வாசலின் காவலன் பிரிட்டன். கால்வாய்க் கம்பெனியிலே பிரிட்டிஷ் அரசே பெரும்பங்காளி, 1875இலே டிஸ்ரேலி வாங்கிய பங்குகள்! கப்பல் கப்பலாகச் சிப்பாய்கள் போயினர்; குண்டுகள் போயின; நச்சுவாயு போயிற்று. ஒவ்வொரு கப்பலுக்கும் சுங்கம் வசூலாயிற்று! கொல்லப் போகிறவனிடம் வாசலிலே கட்டணம் வாங்கிக்கொண்டு வழிவிட்ட காவலனை வேறெங்கேனும் கண்டதுண்டா? கேட்டால் 1888ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் காட்டினர். போர்க்காலத்திலும் கால்வாய் யாவருக்கும் திறந்திருக்க வேண்டுமாம். முதல் உலகப் போரிலே ஜெர்மானியக் கப்பல்களைத் தடுத்தபோது அந்த ஒப்பந்தம் எந்தப் பேழையிலே உறங்கிற்றோ! தன் உயிருக்கு ஆபத்து என்றால் உறங்கும் சட்டம், பிறன் உயிர் போகும்போது விழித்துக்கொண்டது!

மக்கள் கோழைகளா? அந்தப் பழியையும் துடைத்தாக வேண்டும். 1935 சூனிலே முடிவு வெளியான அமைதி வாக்கெடுப்பிலே, பிரிட்டனிலே 1 கோடியே 15 இலட்சம் பேர் கலந்துகொண்டனர். ஆக்கிரமிப்பாளன் மீது பொருளாதாரத் தடை வேண்டும் என்று 1 கோடிப் பேர் சொன்னார்கள். நவம்பர் 14ஆம் நாள் தேர்தலிலே சங்கத்தைக் காப்போம் என்று சொல்லித்தான் பால்டுவினின் ஆட்சி வென்றது. வென்ற வாக்கின் மை உலரவில்லை, டிசம்பர் முதல் வாரத்திலே ஹோர் பாரிசுக்குப் போனார், லவாலுடன் அமர்ந்தார், அபிசீனியாவின் வரைபடத்தை விரித்தார். வளமான பகுதிகள் இத்தாலிக்கு. அபிசீனியாவுக்குக் கடலுக்குச் செல்லும் ஒரு குறுகிய வழி. ஒட்டகம் நடப்பதற்கொரு பாதை என்று லண்டன் நாளேடே நகைத்தது. பறிகொடுத்தவனைக் கேட்காமல், பறித்தவனுக்குப் பட்டா எழுதினர்! பிரெஞ்சு ஏடுகளிலே இரகசியம் கசிந்தது. பிரிட்டிஷ் மக்கள் கொதித்தெழுந்தனர். டிசம்பர் 18ஆம் நாள் ஹோர் பதவி விலகினார்.

அதே டிசம்பர் 18ஆம் நாள் ரோமிலே ஒரு விழா. போருக்குப் பொன் வேண்டும் என்று திருமண மோதிரங்களைத் திரட்டினர். முதல் மோதிரம் அரசி எலினாவின் மோதிரம். ஏழைப் பெண்கள் வரிசை வரிசையாக வந்து விரலிலிருந்த பொன்னைக் கழற்றி, பதிலுக்கு இரும்பு வளையம் பெற்றுச் சென்றனர். நாடகமேதை பிராந்தெல்லோ தம் நோபல் பதக்கத்தையே ஈந்தார். அறிவும் அடிமைப்பட்டது! அதற்கு முன்பே மிலான் பேராலயத்திலே கர்தினால் ஷூஸ்டர், எத்தியோப்பியாவிற்குச் சிலுவையை எடுத்துச் செல்லும் படை இது என்று வாழ்த்தியிருந்தார். எவருக்குச் சிலுவை கொண்டு போகிறார்களாம்? இத்தாலியர் பலர் அம்மன்னர்களின் பெயரையே அறியாத காலத்திலிருந்து, நான்காம் நூற்றாண்டு முதல், கிறித்தவம் வேரூன்றிய நாட்டிற்கு! 1937 மே மாதம், அபிசீனியாவின் புகழ்பெற்ற தெப்ரே லிபானோஸ் மடத்துத் துறவிகளை நூற்றுக்கணக்கில் வரிசையாக நிறுத்திச் சுட்டது அந்தச் சிலுவைப்படை. சுட்டவனும் கிறித்தவன், சுடப்பட்டவனும் கிறித்தவன், வாழ்த்தியவனும் கிறித்தவன். ஆண்டவன் எந்தப் பக்கம் நின்றாரென்று பக்தர்கள்தாம் சொல்ல வேண்டும்.

போர்க்களத்தின் கொடுமையை நீட்டி எழுத மனம் வரவில்லை. போரிலே நச்சுவாயு பயன்படுத்தமாட்டோம் என்ற 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாட்டிலே ஒப்பமிட்ட இத்தாலி, விமானத்திலிருந்து மஸ்டர்டு வாயுவைப் பொழிந்தது. வெறுங்காலோடு நடந்த வீரனின் கால் வெந்தது. ஓடைநீர் குடித்த ஆடும் மாடும் மாண்டன. டிசம்பர் 30ஆம் நாள் சுவீடன் நாட்டுச் செஞ்சிலுவை மருத்துவ முகாம் மீதும் குண்டு விழுந்தது. வாயுவே பயன்படுத்தவில்லை என்று இத்தாலி சாதித்தது. அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் உண்மையை ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? 1996இலே! 60 ஆண்டு கழித்து!

1936 மே 5ஆம் நாள் தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. சூன் 30ஆம் நாள் ஹெய்லி செலாசி ஜெனீவா மன்றத்திலே ஏறினார். வாய் திறக்குமுன் மாடத்திலிருந்து விசில், கூச்சல், ஏளனம். கூச்சலிட்டவர்கள் இத்தாலியப் பத்திரிகையாளர்கள்! பேனா பிடித்த கை சீழ்க்கை அடிக்கும் வாய்க்குத் துணைபோயிற்று. இந்தக் காட்டுமிராண்டிகளை வெளியே தள்ளுங்கள் என்று ருமேனியாவின் தித்துலெஸ்கு எழுந்து கத்தினார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய ருமேனியாவின் எண்ணெய்தான், தடைப் பட்டியலிலே இடம்பெறாத அந்த எண்ணெய்தான், இத்தாலிக்குப் போய்க்கொண்டிருந்தது. மன்னர் தம் அம்ஹாரிக் மொழியிலேயே பேசினார். நச்சுமழையை எடுத்துரைத்தார். என் மக்களுக்கு என்ன விடை கொண்டு செல்வேன் என்று கேட்டார். விடை இரண்டே வாரத்திலே கிடைத்தது: சூலை 15ஆம் நாள் தடைகள் நீங்கின! தடையைத் தொடர்வது நடுவேனிற் பைத்தியம் என்று அமைச்சர் நெவில் சேம்பர்லின் முன்பே சொல்லியிருந்தார். பதவி விலகிய ஹோரோ, அந்தச் சூன் மாதமே மீண்டும் அமைச்சரானார். எதற்கு அமைச்சர்? கடற்படைக்கு! எந்தக் கப்பல்களை அனுப்ப மறுத்தாரோ, அந்தக் கப்பல்களுக்கே தலைவர்!

1937 பிப்ரவரியிலே, தளபதி கிராசியானி மீது கையெறி குண்டு வீசப்பட்டதற்குப் பழியாக, அடிஸ் அபாபாவிலே மூன்று நாள் மனிதவேட்டை. ஆயிரக்கணக்கிலே மாண்டனர். மறு ஆண்டு, 1938 நவம்பரிலே, இத்தாலி மன்னரை அபிசீனியாவின் பேரரசராகப் பிரிட்டன் முறைப்படி ஏற்றுக்கொண்டது. மெக்சிகோ போன்ற சில நாடுகளே ஏற்க மறுத்து மானம் காத்தன.

பிறகு ஏன் 1941இலே பிரிட்டன் படை அனுப்பி மன்னரை மீண்டும் அரியணையிலே அமர்த்திற்று? அறம் விழித்துக்கொண்டதாலா? 1940 சூனிலே முசோலினி பிரிட்டன் மீதே போர் தொடுத்தார்; அதனால்! நேற்று இல்லாத வழி இன்று பிறந்தது. அன்று கெரன் மலைகளிலே ஏறி இரத்தம் சிந்தியவர்களிலே பெருந்தொகையினர் 4ஆம், 5ஆம் இந்திய டிவிஷன்களின் சிப்பாய்கள். தன் நாட்டிலே விடுதலை இல்லாதவன், இன்னொருவனின் விடுதலைக்கு உயிர் கொடுத்தான். வரலாறு அவனுக்கு எத்தனை வரி ஒதுக்கிற்று?

தண்டனை? வாயு வீசிய போரை நடத்திய படோலியோ 1943இலே இத்தாலியின் பிரதமரானார். நேச நாடுகள் அவருடன் கைகுலுக்கின. கிராசியானி மீது வழக்கு நடந்தது. ஆனால் ஜெர்மானியருக்கு உடந்தையாக இருந்ததற்காக மட்டும். அபிசீனியர் கொலைக்காக ஒரு நாளும் அவர் கூண்டிலே நின்றதில்லை. 2012இலே அவருக்கு அஃபிலே என்ற ஊரிலே நினைவிடமே எழுப்பினர்!

அக்சும் நகரத்து வானளாவிய கல்தூணை 1937இலே பெயர்த்து ரோமுக்குக் கொண்டுபோய், தம் ஆப்பிரிக்க அமைச்சகத்தின் முன்னே நட்டுவைத்தார் முசோலினி. 1947ஆம் ஆண்டு சமாதான உடன்படிக்கையிலே, கொள்ளைப் பொருள்களை 18 மாதத்திலே திருப்பித் தருவதாக இத்தாலி ஒப்புக்கொண்டது. பின்னர் அந்த அமைச்சகக் கட்டடத்திலே குடிபுகுந்தது ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை நிறுவனம். சர்வதேச சங்கத்தின் இடத்திலே வந்த சபை! அதன் வாசலிலே அந்தத் திருட்டுத்தூண் நின்றது. உலக நாடுகளின் பேராளர்கள் அதனருகே நடந்து உள்ளே போயினர், வெளியே வந்தனர். தூண் தாயகம் திரும்பியது 2005இலே. 18 மாதத் தவணைக்கு 58 ஆண்டு!

அந்தச் சபையிலே படைக்குப் பஞ்சமில்லை. பாதுகாப்பு மன்றத்திலே ஐந்து வல்லரசுகளுக்கு நிலையான நாற்காலி. எந்தத் தீர்மானத்தையும் ஒற்றைக் கையால் வீழ்த்தும் வீட்டோ. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியாகவும் அமரலாம். அவர் தோழர் குற்றவாளியானாலும் காக்கலாம். நாளை ஒரு ஆசிரியர், "படை இருந்தும் தோற்றது ஏன்?" என்று ஐந்து மதிப்பெண் வினா கேட்பாராயின், குறிப்பேடு என்ன விடை தருமோ!

41 தாள்களுக்கும் முழு மதிப்பெண் போட்டோம். நாம் கற்பித்ததை எழுதியவர்களைத் தண்டிப்பது எப்படி? அந்த ஒற்றைத் தாளுக்கும் ஐந்து போட்டோம். தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, வினாவை எழுதியவனைக் கரும்பலகைக்கு அழைத்தோம். நாம் முன்பு எழுதிப் போட்டிருந்த வரியை அழிக்கச் சொன்னோம். சுண்ணக்கட்டியை அவன் கையிலே கொடுத்து, சங்கத்தின் தடைப் பட்டியலை ஒவ்வொன்றாக நாம் படிக்க, அவன் எழுதினான். "கழுதை" என்று எழுதியபோது வகுப்பு சிரித்தது. "எண்ணெய் எங்கே, ஐயா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.